மிச்சம் ஒண்ணு

சேசம்மாள் வீட்டில் இரவும் பகலும் அணையாத விளக்கு இரண்டு இருந்தன. திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே எரிகிற சின்னச் சிவப்பு பல்பு ஒன்று. அதற்கும் கீழே, பீரோவுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டரின் பச்சை விளக்கு இன்னொன்று. சிவப்பு பல்பு எதற்கு என்று அவளுக்குத் தெரியும். பச்சை விளக்கு எதற்கு என்று அவள் மகன் சாஜனுக்குத்தான் சரியாகத் தெரியும். அவன்தான் வீட்டில் இல்லையே.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால், எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. அதில் கீழே ஓர் அறை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஓர் அறை, அவ்வளவுதான் வீடு. மேலே சேசம்மாளின் தையல் மெஷின். பர்சுகளுக்கு ஜிப் வைத்துத் தைக்கிற வேலை அவளுக்கு. கீழே அடுப்பு, பீரோ, படுக்கை, தண்ணீர் டிரம் எல்லாம். இந்த லட்சணத்தில் கம்ப்யூட்டருக்கும் ஓர் இடம். அதன் மேல் ஒரு டம்ளரை வைக்கச் சொல்லுங்கள் பார்ப்போம், சேசம்மாள் கையை ஒடித்துவிடுவாள்.

அவள் புருஷன் ஆபிரகாம், மாட்டுங்காவிலிருந்து அணுசக்தி நகருக்குப் போகிற ஸ்டாஃப் பஸ்ஸின் டிரைவர். பெரிய பெரிய விஞ்ஞானிகளை முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்து வருஷக்கணக்காக ஓட்டி ஓட்டி, தானும் பாதி விஞ்ஞானி என்று மனுஷனுக்கு ஒரு நினைப்பு. யார் யார் காலையோ பிடித்து, கணக்கில் பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டிலிருந்த மகனுக்கு ஒரு கான்ட்ராக்ட் வேலைக்கு வழி பண்ணினார். இன்டர்வியூ அன்றைக்கு மகன் போகவில்லை. பெரிய எண் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அது ஓட ஆரம்பித்த அழகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தவன் இன்டர்வியூவை மறந்தே போனான். ஆமாம், மறந்துதான் போனான். அப்படியும் பிள்ளைகள் இருக்கின்றன.

ஆபிரகாம் யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் நின்று கத்தினார். என் பஸ்ஸில் வருகிற சயின்டிஸ்டே பொழுது சாய்ந்தால் வேலையை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறான், நீ என்ன அவனுக்கெல்லாம் மேலேயா என்று கேட்டார். பிறகு, கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நீ இருக்கணும்லே. ரெண்டும் இருக்கப்படாது."

சாஜன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பனும் மகனும் ஒரு மூச்சு கத்திவிட்டுச் சேர்ந்து சாப்பிட்டிருப்பார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் மெஷின் இருந்தது, அவன் இல்லை. தங்கை லிசாவின் போனுக்கு ஒரே ஒரு செய்தி வந்தது, நல்லா இருக்கேன், தேட வேண்டாம் என்று. அதற்குப் பிறகு அந்த நம்பருக்கு எத்தனை தடவை அடித்தும் சுவிட்ச் ஆஃப்.

சந்தே எதிர்பார்த்தது, ஆபிரகாம் அன்றைக்கே அந்தப் பெட்டியைத் தூக்கிப் பழைய சாமான் வாங்குகிற பங்கார்க்காரனிடம் போடுவார் என்று. அவர் போடவில்லை. வேலையிலிருந்து வருவார், சட்டையைக் கழற்றி மாட்டுவார், பச்சை விளக்கு எரிகிறதா என்று ஒரு தடவை பார்ப்பார், அப்புறம்தான் கை கால் கழுவுவார்.

அந்த எண்ணைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சாஜன் சொன்னதுதான். இரண்டை இரண்டால் பெருக்கு, வந்ததை மறுபடியும் இரண்டால் பெருக்கு, அப்படியே பெருக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒன்றே ஒன்றைக் கழி. அதுதான் இந்த எண் என்றான். சாதாரணமாக எழுதினால் இரண்டு கோடி இலக்கத்துக்கு மேல் போகுமாம். ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது ஒண்ணும் சைபரும் மட்டும்தானே. அதன் பாஷையில் எழுதினால் இந்த எண்ணில் சைபரே கிடையாது. ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு என்று கோடிக்கணக்கில் வரிசையாக நிற்கும், நடுவில் ஓர் இடம்கூடக் காலி இருக்காது. இந்த வரிசையை வேறு எந்த எண்ணாலாவது மிச்சமில்லாமல் பிரிக்க முடியுமா, இல்லை யாராலும் பிரிக்க முடியாத எண்ணா என்றுதான் மெஷின் மாசக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிரிக்க முடியாதது என்று வந்தால் உலகமே அதைப் பற்றிப் பேசுமாம்.

இன்னொன்றும் சொன்னான். இதைப் பிரிக்கிற எண் என்று ஒன்று இருந்தால், அது ஊர் பேர் தெரியாத எண்ணாக இருக்காது. வரிசையில் எத்தனை ஒண்ணு நிற்கிறதோ, அந்தத் தொகையால் இந்தப் பிரிக்கிற எண்ணை வகுத்துப் பார்த்தால் எப்போதும் மிச்சம் ஒண்ணு விழும். வேறு எதுவும் விழாது. "நம்ம குடும்பத்துல எல்லாருக்கும் காதுக்குப் பின்னால மச்சம் இருக்குல்லாம்மா, அது மாதிரி" என்றான். ஆபிரகாம் அப்போது சோற்றைப் பிசைந்துகொண்டு, காது கேட்காதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பிரிக்க முடியாத எண் என்றால் நல்ல எண்தானே என்று சேசம்மாளுக்குத் தோன்றிவிட்டது. யாரையும் கேட்காமல் அவளாக ஒரு முடிவுக்கு வந்தாள். மெஷின் ஓடி முடிக்க வேண்டும், பிரிக்க முடியாதது என்று சொல்ல வேண்டும், சொன்னால் பிள்ளை வந்துவிடுவான். மாதாவிடமும் அப்படித்தான் பேசி வைத்திருந்தாள். பாவம், மாதாவுக்கு எத்தனை கணக்கு.

மதியம் தையலுக்கு நடுவே தரையில் சாய்ந்தால், கீழே மெஷின் போடுகிற 'உம்' சத்தம் பலகை வழியாக முதுகில் ஏறும். அந்தச் சத்தத்திலேயே தூக்கம் வரும், தூக்கத்தில் அந்த எண் வரும். ஒல்லி ஒல்லியாக, நேராக, வெள்ளை வெளேரென்று ஒண்ணுகள் சந்தில் நிற்கும். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு மெழுகுவர்த்திச் சுடர். வரிசை தொண்ணூறடி ரோட்டில் திரும்பி, மாஹிம் தாண்டி, கழிமுகத்துச் சேற்றின் மேலேயே கால் நனையாமல் நடந்து, கடலுக்குள் போய், உவரிக் கடற்கரையில் ஏறும். அவள் பிறந்த கரை அது. அவள் வரிசையோரமாகவே நடப்பாள். ஒவ்வொன்றின் முகத்தையும் பார்ப்பாள், ஒவ்வொன்றும் கொஞ்சம் நகர்ந்து வழிவிடும், யாரும் அவளிடம் எதுவும் கேட்கமாட்டார்கள். வரிசை முடிகிற இடத்தில், வரிசையில் சேராமல், தோளில் பையோடு ஓர் ஒண்ணு தனியாக நிற்கும். அவள் வாயைத் திறந்து கூப்பிடப் போவாள். அதற்குள் சந்தில் எவனாவது பைக்கை முறுக்குவான், விழிப்பு வந்துவிடும்.

புதன்கிழமை நவநாளுக்கு மாஹிம் கோயிலுக்குப் போனாள். வாசலில் மெழுகில் கை, கால், கண், குழந்தை எல்லாம் செய்து விற்பார்கள். எதற்காக வேண்டுகிறோமோ அந்த உருவத்தை வாங்கி மாதாவுக்கு வைக்க வேண்டியது. சேசம்மாள் கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று கேட்டாள். விற்கிற பெண், வீடு இருக்கு, கப்பல் இருக்கு, ஏரோப்ளேன்கூட இருக்கு, கம்ப்யூட்டர் நஹி என்று கையை விரித்தாள். கடைசியில் ஒரு பையன் உருவமும், பெட்டி மாதிரிதானே இருக்கிறது என்று ஒரு வீடும் வாங்கினாள். வீட்டின் நெற்றியில் நகத்தால் ஒரு பொட்டுக் குத்தினாள், பச்சை விளக்காம்.

லிசா வாஷியில் ஓர் ஆபீசில் வேலை பார்க்கிறவள், விவரமானவள். மெஷினை ஆஃப் பண்ணினால் ஒன்றும் ஆகாது, விட்ட இடத்திலிருந்து தானாகத் தொடரும், அண்ணன் அப்படித்தான் வைத்திருக்கிறான் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். சேசம்மாள் கேட்டுக்கொள்வாள். அப்புறம், உனக்கு ஒண்ணும் ஆகாது என்பாள். ஆபிரகாமும், பஸ் டிரைவராக இருந்தும், இன்ஜினை நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகும் என்பதை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம்பத் தயாராக இல்லை.

ஆனி கடைசியில் அந்த மழை வந்தது. விடாமல் ஊற்றி, கடலும் ஏறிய நேரம் பார்த்துச் சாக்கடை எதிர்த்துக்கொண்டு, மத்தியானத்துக்குள் சந்தில் முழங்கால் தண்ணீர். கரண்ட் போய்விட்டது. கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த பேட்டரிப் பெட்டி 'பீப் பீப்' என்று கதற ஆரம்பித்தது. பஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு நனைந்து வந்த ஆபிரகாம், வாசலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே நுழைந்ததைப் பார்த்தார். அரிசி டின் கீழே இருந்தது, அவருடைய பி.எஃப். காகிதப் பை கீழே இருந்தது. மனுஷன் நேராகப் போய்க் கம்ப்யூட்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்.

"ஏட்டி, பேட்டரியைத் தூக்கு. வயர் இழுபடாம வா."

இரண்டு பெட்டிக்கும் நடுவே முழ நீள வயர். அதைப் பிடுங்கினால் விளக்கு அணைந்துவிடும், பிடுங்க இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. அவர் ஏணியில் ஒரு படி ஏறினால் அவளும் ஒரு படி ஏற வேண்டும். அவர் முழங்கை அவள் மூக்கில் இடித்தது. கல்யாணத்தன்றைக்குக் கோயில் படியில்கூட இவ்வளவு ஒட்டி நடந்ததில்லை இருவரும். மேலே கொண்டுபோய்த் தையல் மெஷின் பலகையில் வைத்தார்கள். பேட்டரி இன்னும் கொஞ்ச நேரம் கதறியது, அப்புறம் அடங்கியது. பச்சை விளக்கு அணைந்தது.

அந்த 'உம்' சத்தம் இல்லாத வீட்டை அவள் அன்றைக்குத்தான் கேட்டாள். மழைச் சத்தம் மட்டும் இருந்தது. சேசம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆபிரகாம் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதன் சூடு ஆறுகிறவரைக்கும் கையை எடுக்கவில்லை.

கரண்ட் வந்ததும் லிசா பட்டனை அமுக்கினாள். மெஷின் விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தது. நான் சொன்னேனா இல்லையா என்று அவள் கேட்டபோது, கீழே மிதந்த அரிசி டின்னை எடுக்கப் போகிற சாக்கில் இருவரும் இறங்கிவிட்டார்கள்.

ஓட்டம் முடிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து பார்த்தால் திரையில் ஓடிக்கொண்டே இருக்கிற வரிகள் நின்றிருந்தன. லிசா குனிந்து படித்தாள். படித்துவிட்டு உடனே நிமிரவில்லை. பிரிக்க முடியாத எண் இல்லை, பிரிகிற எண்தான் என்று மெல்லச் சொன்னாள்.

சேசம்மாள் கையிலிருந்த ஜெபமாலையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை மாசம் எதைப் பிடித்துக்கொண்டு இருந்தாளோ அது போய்விட்டது. ஆபிரகாம் மட்டும் பின்னாலிருந்து, எந்த எண்ணால் பிரிகிறதாம் என்று கேட்டார்.

அது தெரியாது என்றாள் லிசா. இது வகுத்துப் பார்க்கிற கணக்கு இல்லை. ஓர் எண்ணைத் தன்னாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, அந்தப் பெரிய எண்ணால் வகுத்த மீதியை எடுத்து, அதை மறுபடி பெருக்கி, இப்படியே கோடித் தடவை. எல்லாம் முடிந்து கடைசியில் சைபர் விழுந்தால் பிரிக்க முடியாதது. வேறு எது விழுந்தாலும் பிரிகிறது. வேறுதான் விழுந்திருக்கிறது. ஆகவே இதைப் பிரிக்கிற எண்கள் உண்டு, ஆனால் அவை எவை என்று இந்த மெஷினுக்கும் தெரியாது, உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

சேசம்மாள் தலையைத் தூக்கினாள்.

"கண்ணால பாக்காமலே இருக்குன்னு மெஷின் சொல்லுதா?"

"ஆமாம்மா. கட்டாயம் இருக்கு."

"எங்க இருக்குன்னு தெரியாது?"

"தெரியாது."

"ஆனா இருக்கு."

"இருக்கும்மா. அதுல சந்தேகமே கிடையாது."

இத்தனை மாசமாகச் சேசம்மாள் யாரிடமும் சொல்லாத பயம் ஒன்று இருந்தது. வருவானா மாட்டானா என்பது இல்லை அது. இருக்கிறானா என்பதுதான். ரயில் பாதை ஓரத்தில் யாரோ விழுந்துகிடந்தார்கள் என்று சந்தில் பேச்சு வந்தாலே அவள் தையலை விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். அன்றைக்கு அந்தப் பயம் போன இடம் தெரியவில்லை. பார்க்காமலே இருக்கிறது என்று அடித்துச் சொல்ல ஒரு கணக்கு இருக்கும்போது, பெற்றவள் சொல்லக்கூடாதா? என் பிள்ளை இருக்கான் என்று வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்துபோய் உலை வைத்தாள்.

இந்த மாதிரி எண்ணுக்கெல்லாம் இன்டர்நெட்டில் ஆளுக்கொரு பக்கம் உண்டு. மெஷின் முடிவைத் தானாகவே அங்கே அனுப்பிவிடும். அவர்கள் எண்ணின் பக்கத்தில், பிரிகிற எண், சோதித்த மெஷின் 'தாராவி', காரணி, அதாவது பிரிக்கிற எண், தெரியாது என்று போட்டிருந்தது. 'தாராவி' என்பது சாஜன் அந்த மெஷினுக்கு வைத்த பெயர். லிசா ரயிலில் போகும்போதும் வரும்போதும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொண்டாள். காரணம் கேட்டால் அவளுக்கே தெரியாது.

பாந்த்ரா மாதா திருவிழா சமயத்தில் ஒரு சாயங்காலம், அவள் சந்து முனையிலிருந்தே ஓடி வந்தாள். காரணி கிடைத்துவிட்டது என்றாள். ஒரு வரி நீளத்துக்கு ஓர் எண், அதற்குப் பக்கத்தில் கண்டுபிடித்தவர் பெயர். போனை அம்மா முகத்துக்கு நேரே நீட்டி, இங்கிலீஷ் எழுத்தில் இருந்ததைக் கூட்டிப் படித்தாள். சுண்டெலி.

சாஜன் மாசம் முடியாமல் பிறந்தவன். கை அகலம்தான் இருந்தான். சுண்டெலி என்று அவள் வைத்த பெயர், பெரியவனான பிறகு வெளியில் ஆள் இருக்கும்போது கூப்பிடக்கூடாது என்று அவனே சட்டம் போட்ட பெயர். உலகத்தில் வேறு எந்த மடையன் தனக்கு இப்படிப் பெயர் வைத்துக்கொள்வான்? சேசம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஆபிரகாம் நம்பவில்லை. எவனாவது மதுரைக்காரன் வைத்துக்கொண்ட பெயராக இருக்கும் என்றார். பிறகு காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனிலிருந்து அந்த நீள எண்ணை லிசாவைப் படிக்கச் சொல்லி எழுதினார். வரிசையில் எத்தனை ஒண்ணு என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டார். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டு காது கேட்காத மாதிரி இருந்தாரே, எல்லாம் கேட்டிருக்கிறது மனுஷனுக்கு. தரையில் குப்புறப் படுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, உதட்டை அசைத்து அசைத்து வகுத்தார். நடுவில் ஒரு தடவை தப்பு விழுந்து, இன்னொரு தாளைக் கிழித்து முதலிலிருந்து ஆரம்பித்தார். டீ ஆறிப்போனது. கடைசி வரிக்கு வந்ததும் பென்சிலை வைத்துவிட்டார்.

"மிச்சம் ஒண்ணு" என்றார்.

லிசாதான் விளக்கினாள். அப்பா அன்றைக்கே மெஷினைத் தூக்கி எறிந்திருப்பார் என்று அண்ணன் நினைத்திருப்பான். முடிவு வந்த பிறகு, இத்தனை மாசமும் வீட்டில் அது நிற்காமல் ஓடியிருக்கிறது என்று தெரிந்திருக்கும். உடனே அவன் பங்குக்கு எங்கேயோ உட்கார்ந்து காரணி தேடியிருக்கிறான். இது லேசில் கிடைக்கிற சாமான் இல்லை, கிடைத்தது அதிர்ஷ்டம். ஆனால் அவன் எங்கே இருக்கிறான் என்று அந்தப் பக்கத்தில் இல்லை, போன் நம்பர் இல்லை, ஒரு முகவரியும் இல்லை. பெயர் மட்டும்தான். சேசம்மாள் யோசித்தாள். நம்ம மெஷின் பேரும் அங்க தெரியுதுல்லா, அதை மாத்தலாமா என்று கேட்டாள். மாற்றலாம் என்றாள் லிசா. 'தாராவி' போயிற்று. அம்மா சொல்லச் சொல்ல லிசா இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள்: சோறு ஆறுது.

மறுநாள் பகல் முழுக்க சேசம்மாள் தைத்த ஜிப்பெல்லாம் கோணல். சாயங்காலம் லிசா வந்து மெஷின் முன்னாலேயே உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். கண்டுபிடித்தவர் பெயர் இருந்த இடத்தில் சுண்டெலியைக் காணோம். வேறு ஏதோ எழுதியிருந்தது. லிசா ஒரு தடவை வாய்க்குள் படித்தாள், அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள், அப்புறம்தான் சத்தமாகப் படித்தாள்.

அதுவா நானா.

என்னளா கேக்கான் என்றாள் சேசம்மாள், விளங்காமல். ஆபிரகாம் யூனிஃபார்மில், அன்றைக்குக் கத்திய அதே இடத்தில், அப்படியே நின்றார். அவர் முகம் கோணிக்கொண்டு போனது. பஸ் முழுக்க விஞ்ஞானிகளை ஏற்றிக்கொண்டு கம்பீரமாகப் போகிற முகமா இது என்று இருந்தது. தள்ளு என்று மகளை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினார். அவருக்கு அவசரம், எழுத்துகள் அகப்படவில்லை. லிசா உதவப் போனாள், கையைத் தட்டிவிட்டார். அடித்து முடித்துவிட்டு, எழுதியதை அவரே வாய்விட்டுப் படித்தார்.

"ரெண்டும்."

அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மெஷின் சும்மா நிற்கிறதே, அதற்கு வேறு ஓர் எண் கொடு என்று மகளிடம் சொன்னார். சேசம்மாள் அதற்குள் பையை எடுத்துக்கொண்டு சந்தில் இறங்கிவிட்டாள். கோலிவாடாவில் மீன்காரிகள் எழுந்து போவதற்குள் வருகிறவனுக்குச் சாளை வாங்க வேண்டும்.